'வார்டு 1' என்று ஒரு ஆள் கிடையாது: நோயாளியின் கம்ப்யூட்டர் பதிவை யார் திறக்கலாம் என்று வகுக்கும் முறை

"அக்கா, யாரு பார்த்தாங்கன்னு மட்டும் சொல்லுங்க. வேற எதுவும் வேண்டாம்."

2017இல் எங்கள் ஆஸ்பத்திரி ஸ்டாஃப் நர்ஸ் ஒருவர் என் மேசைக்கு முன்னால் நின்று கேட்டது இது. காய்ச்சல் என்று ரத்தம் கொடுத்திருந்தார். கூடவே எடுத்த ஹெபடைட்டிஸ் பி பரிசோதனை பாசிட்டிவ் என்று வந்துவிட்டது. ரிப்போர்ட் அவர் கைக்கு வந்தது மாலை நான்கு மணிக்கு. மதியச் சாப்பாட்டின்போதே அவருக்குப் பக்கத்து நாற்காலிகள் காலியாகிவிட்டன.

நான் மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவில் இருக்கிறேன். ஆஸ்பத்திரிக்காரர்கள் வாயில் எம்ஆர்டி. மென்பொருளில் அவர் பதிவைத் திறந்தவர்களின் பட்டியலை எடுத்தேன். வார்டு1, காலை 11.42. வார்டு1, 11.58. லேப், 12.10. மறுபடியும் வார்டு1, 12.31. அவ்வளவுதான். 'வார்டு1' என்பது முதல் மாடி நர்சிங் ஸ்டேஷனில் எல்லாரும் சேர்ந்து பயன்படுத்திய லாகின். பாஸ்வேர்டை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மானிட்டரின் ஓரத்தில் பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருந்தார்கள். மூன்று ஷிஃப்டிலும் சேர்த்து இருபதுக்கும் மேற்பட்டவர்களுக்கு அது தெரியும். யார் பார்த்தார்கள் என்று அவருக்கு என்னால் சொல்ல முடியவில்லை. இரண்டு மாதத்தில் வேலையை விட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன், இதே கதை பின்லாந்தில் நடந்து நீதிமன்றம்வரை போயிருக்கிறது. அங்கே ஓர் அரசு ஆஸ்பத்திரியின் கண் பிரிவில் வேலை பார்த்த நர்ஸ், அதே ஆஸ்பத்திரியில் எச்ஐவிக்குச் சிகிச்சை பெற்றுவந்தார். 1992 வாக்கில் கூட வேலை பார்ப்பவர்களுக்கு விஷயம் தெரிந்துவிட்டதோ என்று சந்தேகம் வந்தது. யார் பார்த்தார்கள் என்று கேட்டார். அந்த ஆஸ்பத்திரியின் பதிவேட்டில் கடைசி ஐந்து முறை திறந்த விவரம் மட்டும்தான் இருந்தது. அதிலும் பிரிவின் பெயர் இருந்தது, ஆளின் பெயர் இல்லை. யாரென்று நிரூபிக்க முடியாததால் உள்நாட்டு நீதிமன்றங்களில் தோற்றார். 2008 ஜூலை 17 அன்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், பதிவைப் பாதுகாக்கத் தவறியதால் அவருடைய தனிவாழ்வு உரிமையைப் பின்லாந்து மீறியது என்று தீர்ப்பளித்தது. அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் ஆஸ்பத்திரியின் 'வார்டு1' அப்படியே அங்கே இருந்தது.

அன்றிலிருந்து நாங்கள் செய்ததை, தவறிய இடங்களையும் சேர்த்து, எழுதுகிறேன். எங்களுடையது 140 படுக்கை உள்ள தனியார் ஆஸ்பத்திரி, தென்மாவட்டத்தில். பெரிய கார்ப்பரேட் ஆஸ்பத்திரிகளில் இதற்கென்றே ஒரு பிரிவு இருக்கும். எங்களைப் போல நான்கு பேர் எம்ஆர்டியும் ஒன்றரை ஆள் ஐடியும் உள்ள இடங்களுக்காக எழுதுகிறேன்.

சம்பளப் பட்டியலிலிருந்து தொடங்குங்கள்

மென்பொருளில் இருக்கும் யூசர் பட்டியலை முதலில் திறக்காதீர்கள். எச்ஆரிடம் போய் இந்த மாதச் சம்பளப் பட்டியலை வாங்குங்கள். விசிட்டிங் கன்சல்டன்ட்கள், நர்சிங் மாணவிகள், ஒப்பந்தத்தில் வருபவர்கள், மென்பொருள் கம்பெனியிலிருந்து வந்துபோகும் ஆட்கள் ஆகியோரின் பெயர்களைத் தனியாக எழுதிச் சேருங்கள். பிறகுதான் யூசர் பட்டியலை அச்சடித்துப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு பெயராக டிக் போட வேண்டும்.

எங்களிடம் வேலை பார்த்தவர்கள் 268 பேர்; மென்பொருளில் உயிரோடிருந்த கணக்குகள் 391. கல்யாணமாகி வெளிநாடு போய்விட்ட பிசியோதெரபிஸ்ட்டின் கணக்கு அதில் இருந்தது. காலமாகிவிட்ட அட்டெண்டர் ஒருவரின் கணக்கு இருந்தது. 'டெமோ', 'டெஸ்ட்', 'நைட்' என்று ஆளே இல்லாத பெயர்கள் வேறு. நாங்கள் மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். போர்ச்சுகலில் பாரெய்ரோ ஆஸ்பத்திரிக்கு 2018இல் 4 லட்சம் யூரோ அபராதம் போட்டார்கள். அங்கே டாக்டர் என்ற அந்தஸ்தில் 985 கணக்குகள் இருந்தன. வேலை பார்த்த டாக்டர்கள் 296 பேர்.

ஆளுக்கொரு கணக்கு கொடுப்பது ஒரு வாரத்து வேலை. அதைப் பகிராமல் வைத்திருக்கச் செய்வதுதான் கஷ்டம். "பாஸ்வேர்டைக் கொடுக்காதீங்க" என்று சர்க்குலர் அனுப்பினால் நிற்காது. நானும் அனுப்பினேன், இரண்டு முறை. மூன்றாவது முறை அனுப்புவதற்கு முன்னால் இரண்டு இரவு ஷிஃப்ட் முதல் மாடியில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு சிஸ்டர் எட்டு மணி நேரத்தில் கம்ப்யூட்டருக்கு முப்பது நாற்பது தடவை வருகிறார். ஒவ்வொரு தடவையும் பாஸ்வேர்டு அடித்து, திரை வருவதற்கு அரை நிமிஷம் காத்திருக்க வேண்டும். அதற்குள் ஐந்தாம் நம்பர் பெட்டில் டிரிப் முடிந்துவிடும். அதனால் ஷிஃப்ட் தொடங்கும்போது யாராவது ஒருவர் திறந்து வைப்பார், மற்றவர்கள் அதிலேயே எழுதுவார்கள். குற்றம் அவர்களுடையது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கைரேகை வைத்துப் பார்த்தோம். அடிக்கடி சானிடைசர் போட்டுப் போட்டு விரல் தேய்ந்திருக்கும், கிளவுஸ் வேறு, சரிப்படவில்லை. அடையாள அட்டையைக் காட்டினால் திறக்கும் கருவி சரிப்பட்டது. ஷிஃப்டின் தொடக்கத்தில் ஒருமுறை அட்டையோடு பின் நம்பர், பிறகு அட்டை மட்டும். இன்னொருவர் அட்டையைக் காட்டினால் முந்தியவர் திரை மூடி இவர் திரை வர வேண்டும். உங்கள் கம்பெனியிடம் இதைக் கண்டிப்பாகக் கேளுங்கள்: திரை தானாகப் பூட்டிக்கொள்ளும்போது பாதி எழுதிய குறிப்பு அழியக்கூடாது. எங்களிடம் தொடக்கத்தில் அழிந்தது. மருந்துச் சார்ட்டை இரண்டு முறை மறுபடி அடித்த சிஸ்டர் மூன்றாவது முறை திரை பூட்டாமலிருக்க மவுஸ்மேல் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துவிட்டுப் போனார்.

பூட்டும் நேரம் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ரிசப்ஷனிலும் தாழ்வாரத்து நர்சிங் ஸ்டேஷனிலும் இரண்டு நிமிஷம். வெளியாள் வராத ஆபரேஷன் தியேட்டருக்குள் இருபது நிமிஷம் வைத்திருக்கிறோம்.

பதவியைப் பார்க்காதீர்கள், வேலையைப் பாருங்கள்

யாருக்கு என்ன தெரிய வேண்டும் என்பதை மேசையில் உட்கார்ந்து எழுத முடியாது. நான் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு மூன்று வாரம் ஒவ்வொரு பிரிவிலும் அரை நாள் நின்றேன். எந்தத் திரையைத் திறக்கிறார்கள், அதில் எந்த வரியைப் பார்க்கிறார்கள், அது இல்லாவிட்டால் வேலை நிற்குமா என்று மூன்று பத்தி போட்டுக் குறித்தேன். அந்த நோட்டுதான் பிறகு எங்கள் விதிப்புத்தகமாக மாறியது.

ரிஜிஸ்ட்ரேஷன் கவுன்டருக்குப் பெயர், வயது, போன், முகவரி, எந்த டாக்டர் என்பது போதும். பழைய ஓபி வருகைகளின் நோய்ப்பெயர் அவர்கள் திரையில் வந்துகொண்டிருந்தது. ஒருநாள்கூட அவர்களுக்கு அது தேவைப்பட்டதில்லை. டயட்டீஷியனுக்குச் சர்க்கரை, கிட்னி, ஒவ்வாமை, எடை. ஹவுஸ்கீப்பிங்குக்குப் படுக்கை காலியா இல்லையா என்பது மட்டும். நிர்வாக இயக்குநருக்கு எண்ணிக்கைகள் வேண்டும், பெயர்கள் வேண்டாம். இதைச் சொல்ல எனக்குத் தைரியம் வர ஒரு மாதம் ஆனது. சொன்னபோது அவர் உடனே ஒத்துக்கொண்டார்.

ஃபார்மசியில் நான் தப்புப் பண்ணினேன். பிரிஸ்கிரிப்ஷனும் ஒவ்வாமையும் போதும் என்று எழுதிவைத்தேன். எங்கள் சீஃப் ஃபார்மசிஸ்ட் வந்து, "மேடம், கிரியேட்டினின் தெரியாம வான்கோமைசின் டோஸை நான் எப்படிச் சரிபார்க்கறது? குழந்தைன்னா எடை வேண்டாமா?" என்று கேட்டார். நியாயம். கிரியேட்டினின் என்பது கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை; வான்கோமைசின் அதைப் பார்த்து அளவு போட வேண்டிய ஆன்டிபயாடிக். சேர்த்தோம். லேபிலும் இப்படித்தான்: அதே பரிசோதனையின் பழைய முடிவு தெரிந்தால்தான் இன்றைய முடிவு தாறுமாறாக இருப்பதைக் கண்டுபிடிப்பார்கள். அளவுக்கு மீறி மூடினால் நோயாளிக்கு ஆபத்து என்பதை அன்று கற்றுக்கொண்டேன்.

பெரிய ஓட்டை இன்சூரன்ஸ் டெஸ்க்கில் இருக்கும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமோ தனியார் பாலிசியோ, முன்அனுமதி வாங்க அவர்களுக்கு டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன், ஆபரேஷன் நோட்ஸ் எல்லாமே வேண்டும். அதற்காக எல்லா நோயாளியின் எல்லாப் பதிவையும் திறந்து கொடுத்திருந்தோம். இப்போது கிளெய்ம் தொடங்கிய நோயாளியின் பதிவு மட்டும், அந்த ஒரு அட்மிஷனுக்கு மட்டும் திறக்கும். பணம் வந்து கிளெய்ம் முடிந்தால் மூடிக்கொள்ளும்.

இன்னொன்று. பார்ப்பது, எழுதுவது, திருத்துவது, அச்சடிப்பது, மொத்தமாக எக்செல்லில் இறக்குவது என ஐந்தும் ஐந்து உரிமைகள். பல மென்பொருள்களில் பார்க்கும் உரிமை கொடுத்தாலே அச்சடிப்பதும் மொத்தமாக இறக்குவதும் சேர்ந்து வந்துவிடும். தனித்தனியாகப் பிரிக்கச் சொல்லுங்கள். மொத்தமாக இறக்கும் உரிமை எங்களிடம் இரண்டே பேரிடம்தான் இருக்கிறது. திருத்தம் என்றால் கேஸ் ஷீட்டில் எப்படிச் செய்வோமோ அப்படித்தான்: தப்பு வரிமேல் ஒற்றைக் கோடு, பக்கத்தில் கையெழுத்து, தேதி, நேரம். கம்ப்யூட்டரிலும் பழைய வரி அழியாமல் அடியில் இருக்க வேண்டும். அழித்துவிட்டு எழுத விடும் மென்பொருளை வாங்காதீர்கள்.

மென்பொருள் கம்பெனிக்காரர்களின் 'அட்மின்' கணக்கை மறந்துவிடாதீர்கள். எங்களிடம் அதற்கு வருஷக்கணக்கில் ஒரே பாஸ்வேர்டு. இப்போது அவர்கள் தொலைவிலிருந்து உள்ளே வர வேண்டுமென்றால் எங்கள் ஐடி பையன் நேரம் குறித்துத் திறந்துவிடுவார், வேலை முடிந்ததும் மூடுவார். யார் வந்தார், எதற்கு வந்தார் என்று ஒரு ரிஜிஸ்டரும் உண்டு.

இன்று இந்த நோயாளி உங்கள் கையில் இருக்கிறாரா?

நர்ஸ் என்பதால் எல்லா நோயாளியின் பதிவையும் பார்க்கலாம் என்று வைத்தால், 2017இல் நடந்தது மறுபடி நடக்கும், பெயர் மட்டும் தெரியும். எனவே வேலையோடு இன்னொரு கேள்வியும் சேர வேண்டும்: இப்போது இந்த நோயாளிக்கும் உங்களுக்கும் என்ன தொடர்பு?

எங்கள் விதிகள் இவை. வார்டு சிஸ்டருக்கு டியூட்டி ரோஸ்டரில் அவர் பெயர் எந்த வார்டில் இருக்கிறதோ அந்த வார்டு நோயாளிகள். நோயாளி ஐசியூவுக்கு மாறினாலும் 24 மணி நேரம் பழைய வார்டு சிஸ்டருக்குத் திறந்திருக்கும், ஏனென்றால் நோட்ஸை முடித்துக் கொடுக்க வேண்டும். கன்சல்டன்ட்டுக்குத் தன் பெயரில் அட்மிட் ஆனவர்கள், தன் ஓபிக்கு வந்தவர்கள், கருத்துக் கேட்டு அனுப்பப்பட்டவர்கள். இன்னொரு டாக்டர் ரெஃபரல் போட்ட நொடியே திறந்துவிடும். யாரும் எதுவும் செய்ய வேண்டாம். டியூட்டி டாக்டருக்கு அந்த ஷிஃப்டில் உள்நோயாளிகள் அனைவரும். கேஷுவால்டிக்கு எல்லாம். டிஸ்சார்ஜ் ஆகி மூன்று நாள் கழித்துத் திறந்தால், ஏன் என்று ஒரு வரி கேட்கும்.

டியூட்டி ரோஸ்டர் எக்செல்லில் இருக்கிறது, நர்சிங் சூப்பரின்டென்டென்ட் கடைசி நேரத்தில் ஆள் மாற்றுவார் என்பதுதான் நடைமுறைச் சிக்கல். ஷிஃப்ட் இன்சார்ஜ் சிஸ்டருக்குத் தன் வார்டில் ஆள் சேர்க்கும் அதிகாரம் கொடுத்தோம். பன்னிரண்டு மணி நேரத்தில் அது தானாக அற்றுவிடும்.

அவசரத்துக்கு ஒரு கதவு

புது விதிகள் வந்த இரண்டாவது வாரம், அதிகாலை இரண்டு மணிக்கு எனக்குப் போன். கேஷுவால்டியில் மயக்க நிலையில் ஒருவர். ஆறு வருஷத்துக்கு முன்னால் எங்களிடமே அட்மிட் ஆனவர். பழைய பதிவைத் திறக்க முடியவில்லை. கேஷுவால்டிக்கு எல்லாம் திறக்கும் என்று எழுதிய விதி, ஐந்து வருஷத்துக்கு முந்தைய பதிவுகளுக்குப் போட்டிருந்த பூட்டைத் தாண்டவில்லை. அவர் மனைவி அலறியடித்துக்கொண்டு வந்து, "பென்சிலின் ஊசி போட்டுடாதீங்க, போன தடவ உடம்பெல்லாம் தடிச்சுப் போச்சு" என்று சொன்னதால் ஒன்றும் ஆகவில்லை. அந்த அம்மா ஊரில் இல்லாமல் இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று இன்றும் நினைப்பேன். நான் போட்ட பூட்டு அது.

மறுநாள் காலையிலேயே இரண்டு மாற்றங்கள் செய்தோம். ஒவ்வாமை, ரத்த வகை, இப்போது சாப்பிடும் மருந்துகள், நெடுநாள் நோய்கள் ஆகியவை கொண்ட ஒரு சிறிய பகுதி சிகிச்சை தரும் எவருக்கும் எப்போதும் பூட்டப்படாது. இரண்டாவது, அவசரத் திறப்பு. கம்பெனிக்காரர்கள் இதைப் பிரேக் கிளாஸ் என்பார்கள். பூட்டிய பதிவின்மேல் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும். அழுத்தினால் நான்கு காரணங்கள் வரும்: உயிர் ஆபத்து, நோயாளி நேரில் இருக்கிறார் ஆனால் பட்டியலில் இல்லை, பொறுப்பு டாக்டர் போனில் சொன்னார், மற்றவை. ஒன்றைத் தொட்டதும் பதிவு திறக்க வேண்டும். இன்னொருவர் அனுமதி கேட்கும் ஏற்பாடு இதில் வரவே கூடாது. இரவு இரண்டு மணிக்கு அனுமதி கொடுக்க யாரும் விழித்திருக்க மாட்டார்கள். ஷிஃப்ட் முடிந்ததும் மூடிக்கொள்ளும். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு முந்திய நாள் அவசரத் திறப்புகளின் பட்டியல் என் மேசையில் இருக்கும். ஒவ்வொன்றையும் படிக்கிறேன். தொடக்கத்தில் ஒரு நாளைக்கு நாற்பது வந்தது. அப்படி வந்தால் ஊழியர்களைத் திட்டாதீர்கள். விதிதான் எங்கோ தப்பு. அந்த நாற்பதில் பாதி டயாலிசிஸ் பிரிவிலிருந்து வந்தது. அவர்களுக்கு வார்டு என்ற கணக்கே பொருந்தாது என்று பிறகுதான் உறைத்தது. திருத்தியதும் நாளுக்கு மூன்று நான்காகக் குறைந்தது.

இரட்டைப் பூட்டு வேண்டிய பதிவுகள்

சில பதிவுகளுக்குச் சட்டமே தனிக் காவல் போட்டிருக்கிறது. எச்ஐவி, எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் 2017இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. எச்ஐவி நிலையை வெளிப்படுத்தக் கூடாது, பதிவுகளுக்குப் பாதுகாப்பு ஏற்பாடு வேண்டும் என்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இன் 23ஆம் பிரிவு, மனநலச் சிகிச்சை விவரங்களின் ரகசியத்தை நோயாளியின் உரிமையாக்குகிறது. கருக்கலைப்புச் சட்டத்தில் 2021 திருத்தத்தில் வந்த 5ஏ பிரிவின்படி, கருக்கலைப்பு செய்துகொண்ட பெண்ணின் பெயரையும் விவரத்தையும் சட்டம் அனுமதித்தவர் தவிர வேறு யாரிடமும் சொன்னால் ஓராண்டுவரை சிறை. பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களின் அடையாளத்தை வெளியிடுவதும் குற்றம்.

எச்ஐவி விஷயத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். "எங்க பாதுகாப்புக்கு எங்களுக்குத் தெரிய வேண்டாமா?" என்று கேட்பார்கள். கிளவுஸ், ஊசி அப்புறப்படுத்தும் முறை எல்லாம் எல்லா நோயாளிக்கும் ஒன்றேதான். கேஸ் ஷீட்டில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவது அந்தக் காலத்தோடு முடிந்திருக்க வேண்டும். சிகிச்சைக்குத் தேவைப்படும் டாக்டருக்கும் நர்ஸுக்கும் தெரியலாம், சட்டமும் அதை அனுமதிக்கிறது. பில்லிங் கிளார்க்குக்குத் தெரிய எந்தக் காரணமும் இல்லை.

இங்கேதான் பல இடங்களில் கோட்டை விடுகிறார்கள். நோய்ப்பெயரை மூடிவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். பில்லில் 'டோலுடெக்ராவிர்' என்று எச்ஐவி மாத்திரையின் பெயர் அச்சாகும். லேப் காத்திருப்புப் பட்டியலில் பரிசோதனையின் பெயர் ஓடும். நான் ஒருநாள் ரிஜிஸ்ட்ரேஷன் தேடுபெட்டியில் 'செல்' என்று அடித்தேன். ஊரில் உள்ள செல்விகளும் செல்வங்களும் வந்து நின்றார்கள், பக்கத்திலேயே 'மனநலம்', 'மகப்பேறு' என்று பிரிவுப் பெயர்களோடு. பில், தேடல் முடிவு, வார்டு டிவி, லேப் லேபிள், நோயாளிக்குப் போகும் எஸ்எம்எஸ் ஆகிய ஐந்தையும் ஒருமுறை நீங்களே நடந்து போய்ப் பாருங்கள்.

அடுத்தது, எங்கள் ஊழியர்களே நோயாளியாக வருவது. நான் இந்த வேலையில் இறங்கியதே அதனால்தான். ஊழியர் எண்ணோடு இணைந்த நோயாளிப் பதிவு எதுவானாலும், சிகிச்சைப் பட்டியலில் இல்லாதவர் திறந்தால் முதலில் ஓர் எச்சரிக்கை வரும், அதோடு எனக்கும் செய்தி வரும். தன் பதிவைத் தன் லாகினில் தானே திறந்து பார்ப்பதையும் நிறுத்தினோம். அதற்குச் சிலர் கோபித்துக்கொண்டார்கள். என் பதில்: எம்ஆர்டியில் விண்ணப்பம் கொடுங்கள், மற்ற நோயாளிகளுக்குத் தருவது போலவே தருகிறோம். 2002ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் ஒழுங்குமுறைப்படி கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். நாங்கள் பெரும்பாலும் அன்றைக்கே கொடுத்துவிடுகிறோம்.

வருபவர், மாறுபவர், போகிறவர்

சேரும்போது கணக்கு கொடுக்க யாரும் மறப்பதில்லை, வேலை நடக்காதே. போகும்போதுதான் மறக்கிறது. எச்ஆரின் நோ டியூ படிவத்தில், லைப்ரரி, ஸ்டோர், ஹாஸ்டல் சாவி என்ற வரிசையில் எம்ஆர்டி கையெழுத்துக்கும் ஒரு கட்டம் சேருங்கள். அது இல்லாமல் கடைசி மாதச் சம்பளம் போகாது என்று ஆனபின் எங்களிடம் ஒரு கணக்கும் தங்கவில்லை. வேலையை விட்டு நீக்கினால் மட்டும், அவரைக் கூப்பிட்டுச் சொல்லும் அதே நேரத்தில் மூட வேண்டும்.

பிரிவு மாறுபவர்கள் இன்னும் சிக்கல். எங்களிடம் ஒருவர் பில்லிங்கில் சேர்ந்து, இன்சூரன்ஸ் போய், பிறகு ஸ்டோருக்கு மாறினார். மூன்று இடத்து உரிமையும் அவரிடம் சேர்ந்திருந்தது. மாற்றம் என்றால் பழையதை முழுதாக எடுத்துவிட்டுப் புதியதைக் கொடுப்பதுதான் விதி. மாணவிகள், தற்காலிக டாக்டர்கள் கணக்கில் முடியும் தேதியைத் தொடக்கத்திலேயே போட்டுவிடுங்கள். 45 நாள் யாரும் தொடாத கணக்கு தானாகத் தூங்கட்டும். மகப்பேறு விடுப்பு முடிந்து வருபவருக்கு மறுபடி திறந்து கொடுக்க இரண்டு நிமிஷம் போதும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரிவுவாரியாகப் பட்டியலை அச்சடித்து அந்தந்தத் தலைவரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்குகிறேன். மின்னஞ்சலில் அனுப்பினால் 'ஓகே' என்று பதில் வரும். காகிதத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றால் படிப்பார்கள்.

வாட்ஸ்அப்

எவ்வளவு பூட்டினாலும் டியூட்டி டாக்டர் திரையைப் போட்டோ எடுத்துக் கன்சல்டன்ட்டுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் எல்லாம் போயிற்று. அதில் பெயர், வயது, ஐபி நம்பர் (உள்நோயாளி எண்) எல்லாமே இருக்கும். போன் கேலரியிலும் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் போய்த் தங்கும். தடை போட்டுப் பயனில்லை, இரவில் கன்சல்டன்ட் ஈசிஜி பார்த்தே ஆக வேண்டும். அவர் தன் போனிலேயே பதிவைத் திறந்து பார்க்கும் வசதியை, பாஸ்வேர்டோடு ஓடிபியும் வைத்து, செய்து கொடுத்தோம். எங்கள் இதய நோய் டாக்டர் முதல் வாரமே மாறிவிட்டார், போட்டோவைவிட ஈசிஜி தெளிவாகத் தெரிந்ததால். மற்றவர்கள் அவரைப் பார்த்து மாறினார்கள்.

பதிவேட்டை ஓர் ஆள் படிக்க வேண்டும்

யார் எப்போது திறந்தார் என்ற பதிவேடு எல்லா மென்பொருளிலும் இருக்கிறது. அதைத் திறந்து பார்த்த ஆஸ்பத்திரிகளை நான் அதிகம் பார்த்ததில்லை. நெதர்லாந்தின் ஹேக் நகரத்தில் ஹாகா ஆஸ்பத்திரிக்கு 2019இல் 4,60,000 யூரோ அபராதம் விழுந்தது. பிரபலமான ஒருவரின் பதிவை அவருக்குச் சிகிச்சை தராத ஊழியர்கள் ஏராளமானோர் திறந்து பார்த்திருந்தார்கள். பதிவேட்டை ஒழுங்காகச் சரிபார்க்கவில்லை, லாகினில் இரண்டாவது சரிபார்ப்பு இல்லை என்பவையே அவர்கள்மேல் வந்த குற்றச்சாட்டுகள்.

நான் செவ்வாய்க்கிழமை காலை ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறேன். ஊழியர்களாக உள்ள நோயாளிகள் எல்லாரும், அந்த வாரம் ஊரில் பேசப்பட்ட விபத்து அல்லது வழக்கில் வந்தவர்கள், திறந்தவரும் நோயாளியும் ஒரே தெருவில் வசிப்பவர்கள், டியூட்டி இல்லாத நேரத்தில் திறந்தவை, வழக்கத்தைவிட அதிகமாக அச்சடித்தவர்கள் ஆகியவற்றைப் பார்ப்பேன். பிறகு எந்த வரிசையும் பார்க்காமல் எடுக்கும் இருபது பதிவுகள். ஒரே தெரு என்பதை மென்பொருள் கண்டுபிடித்துத் தராவிட்டால், முகவரிப் பத்தியை எக்செல்லில் வரிசைப்படுத்தினாலே கண்ணில் படும்.

சந்தேகம் வந்தால் முதலில் கேளுங்கள், குற்றம் சாட்டாதீர்கள். ஒரு பிசியோதெரபிஸ்ட் தன் தெருக்காரர் ஒருவரின் பதிவை நான்கு நாள் தொடர்ந்து திறந்திருந்தார். கேட்டேன். நோயாளியை வார்டில் நடக்க வைத்துக்கொண்டிருந்தவரே அவர்தான்; ரெஃபரலை டாக்டர் வாயால் சொல்லிவிட்டுப் போட மறந்திருந்தார். இன்னொருவர் தன் மைத்துனியின் ஸ்கேனைப் பார்த்திருந்தார். "வீட்டில எல்லாரும் பயந்துக்கிட்டு இருந்தோம் மேடம்" என்றார், பொய் சொல்லவில்லை. ஆனாலும் அந்தப் பெண் வீட்டில் சொல்லாமல் வைத்திருந்த விஷயம் அது. எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தோம். முதல் முறை, இரண்டாம் முறை, வெளியே சொன்னால் என்ன நடவடிக்கை என்பதை முன்கூட்டியே எழுதி, தமிழில் ஒரு பக்கத்தில் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கியிருந்ததால் வாக்குவாதம் வரவில்லை. டாக்டருக்கும் அட்டெண்டருக்கும் அந்தத் தாள் ஒன்றே. ஒரு சீனியர் டாக்டர்மேல் அதை அமல்படுத்திய நாளிலிருந்துதான் மற்றவர்கள் நம்பினார்கள்.

பதிவேட்டை அட்மினாலும் அழிக்க முடியாத இடத்தில் வையுங்கள். எவ்வளவு நாள் என்றால்: மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் விட்ட உத்தரவு 180 நாள் என்கிறது. 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 2025 நவம்பரில் வந்த விதிகள் ஓராண்டு என்கின்றன. அணுகல் கட்டுப்பாடு, பதிவேடு, அதைச் சரிபார்ப்பது எல்லாமே அந்த விதிகளில் கடமையாக இருக்கின்றன. அறிவித்த 18 மாதங்களில் அவை அமலுக்கு வரும். நியாயமான பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் சட்டப்படி அபராதம் 250 கோடி ரூபாய்வரை போகலாம். உள்நோயாளிப் பதிவையே மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டியிருப்பதால், நாங்கள் இதையும் மூன்று வருஷம் வைக்கிறோம்.

பத்துப் படுக்கை நர்சிங் ஹோம், ஒரே கம்ப்யூட்டர் என்றால் இவ்வளவும் வேண்டாம். ஆளுக்கொரு லாகின், திரைப் பூட்டு, டாக்டர் குறிப்பும் பில்லும் வேறு வேறு திரை, வேலையை விட்டவரின் கணக்கை அன்றே மூடுவது, மாதம் ஒருமுறை பதிவேட்டைப் புரட்டுவது. இந்த ஐந்தும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் செய்து முடிக்கக்கூடியவை.

போன வருஷம் லேபில் வேலை பார்க்கும் பெண் ஒருவர் என் அறைக்கு வந்தார். கரு கலைந்து இரண்டு நாள் எங்களிடமே அட்மிட் ஆகியிருந்தார். நாற்காலியில் உட்காராமலேயே, தன் பதிவை யாரெல்லாம் பார்த்தார்கள் என்று தெரிய வேண்டும் என்றார். விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பட்டியலை அச்சடித்துக் கொடுத்தேன். ஏழு பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே நேரமும் காரணமும். மகப்பேறு டாக்டர், மூன்று சிஸ்டர்கள், மயக்க மருந்து டாக்டர், ஃபார்மசிஸ்ட். விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

"கடைசிப் பேரு நீங்களா அக்கா?"

"ஆமா. இந்தத் தாளை எடுக்கத்தான் இப்பத் திறந்தேன். நேரத்தைப் பாருங்க."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.